ஒப்பிட்டு ஒன்றா, மூன்றா? குண்டானவர்களைக் கண்டால் ஏன் இந்த இளக்காரம்

நொய்யல்காரி (திருப்பூர்), ஞாயிறு இரவு 9.10

போன வாரம் நம் மன்றத்தின் வைகாசிக் கல்யாணங்கள் இழையில் மஞ்சமண்டி அண்ணன் ஒன்று எழுதியிருந்தார். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்கு எதிர் வரிசையில் தாட்டியான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாராம். மூன்று ஒப்பிட்டு (பூரணம் வைத்துத் தட்டிய இனிப்பு) சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் நின்று "எனக்குத் தைராய்டு, அதனால்தான் உடம்பு" என்று யாரிடமோ சொன்னாராம். அதற்கு இவர் வைத்த முத்தாய்ப்பு: "குண்டாக இருப்பவர்களை யாரும் வெறுப்பதில்லை. வாயைக் கட்டத் தெரியாததைத்தான் வெறுக்கிறார்கள்." அதற்குக் கைதட்டு வேறு.

அந்தப் பந்தியில் நானும் இருந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து இலை என்னுடையது. அவர் சாப்பிட்டது ஒரே ஒரு ஒப்பிட்டு.

சரி, ஒப்பிட்டை விடுங்கள். இந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1988-ல் பெர்னார்ட் வைனர் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும், மற்றவர்கள் ஒதுக்கிப் பார்க்கும் பத்து நிலைமைகளை மாணவர்கள் முன் வைத்து, என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். பார்வையின்மை, புற்றுநோய், இதய நோய் என்றால் பரிதாபம் வந்தது. போதைப் பழக்கம், உடற்பருமன் என்றால் பரிதாபம் குறைந்து கோபம் வந்தது. "அவராகத் தேடிக்கொண்டது" என்று நினைத்த இடத்தில் இரக்கம் நின்றுவிடுகிறது.

அண்ணன் ஒப்பிட்டை எண்ணியதும் அதற்குத்தான். ஒன்று என்றால் திட்ட முடியாது. மூன்று என்றால்தான் முடியும்.

மஞ்சமண்டி (ஈரோடு), 9.31

வாங்க அம்மணி. தனி இழை திறந்து, என் பெயரையும் போட்டு மரியாதை செய்ததற்கு நன்றி.

மூன்று. நான் எண்ணினேன். முதல் சுற்றில் ஒன்று, நெய் ஊற்ற வந்த பையனிடம் கேட்டு வாங்கியது ஒன்று, ரசத்துக்கு முன்னால் ஒன்று. முப்பது வருடமாக மஞ்சள் மூட்டை எண்ணுகிறவன் நான். இருநூறு மூட்டையில் ஒன்று குறைந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இலையில் விழுகிற ஒப்பிட்டு தெரியாதா?

இன்னொன்று. நான் பேசுவது அனுபவம். 2021-ல் என் எடை 96 கிலோ, இன்று 71. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. காலை ஐந்து மணிக்கு வ.உ.சி. மைதானத்தில் நடை, ராத்திரிக்குக் கொள்ளு ரசம், அவ்வளவுதான். என்னால் முடிந்தது அடுத்தவரால் ஏன் முடியாது? நோகாமல் நோம்பி கும்பிட ஆசைப்பட்டால் எப்படி? வைனரோ ட்ரெய்னரோ, அவர் மண்டிக்கு வந்து ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டு அப்புறம் பேசட்டும்.

கொடிவேரி (கோபி), 9.40

ஒரு நிமிடம். முதலில் "குண்டு" என்றால் எது என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே. உலகக் கணக்கில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30-ஐத் தொட்டால் உடற்பருமன். நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே தொப்பையும் சர்க்கரையும் வந்துவிடுவதால், 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடற்பருமன் என்று 2009-ல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்தார்கள். மஞ்சமண்டி அண்ணன் 71 கிலோ என்கிறார். உயரம் என்ன?

மஞ்சமண்டி, 9.42

என் உயரம் எதற்கு? மூன்று ஒப்பிட்டுக்குப் பதில் சொல்லுங்க.

சந்தகை அக்கா (கோவை), 9.55

அந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன். அது ஒப்பிட்டே இல்லை. உள்ளே தேங்காய்ப் பூரணம் இருந்தது. தேங்காய் என்றால் போளி, கடலைப்பருப்பு என்றால்தான் ஒப்பிட்டு.

பவர்லூம் பங்காளி (சோமனூர்), 9.58

இது எந்த ஊர்ச் சட்டமுங்க அக்கா? எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒப்பிட்டுதான். கோயமுத்தூருக்குக் குடிபோனதும் பேர் மாறிவிடுகிறது போல.

சந்தகை அக்கா, 10.03

சோமனூரும் கோயமுத்தூர் மாவட்டம்தான் தம்பி.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தியது ஆறு, போட்டோ போன பிறகு நின்றுபோனது நான்கு. தரகர் போனில் குரலைத் தாழ்த்தி, "பொண்ணு கொஞ்சம் தாட்டிங்களா?" என்றார். பெண் கிடைக்கவில்லை என்று பாலக்காடு வரைக்கும் போய்ப் பெண் எடுத்து வருகிற நம் ஊரில்தான் இந்தக் கேள்வி. வந்த மாப்பிள்ளைகளில் ஒருவருக்குச் சட்டையின் நாலாவது பொத்தான் எந்த நேரமும் தெறித்துவிடும் போல இருந்தது. அதை எந்தத் தரகரும் கேட்கவில்லை. ஆணுக்கு வந்தால் தொப்பை, பெண்ணுக்கு வந்தால் குறை.

மஞ்சமண்டி, 10.08

மாப்பிள்ளை ஒப்பிட்டு சாப்பிட்டாரா?

நொய்யல்காரி, 10.20

முதலில் ஒன்று. என்னை "அம்மணி" என்று கூப்பிட வேண்டாம். ஊரில் பாசமாகக் கூப்பிடுகிற அம்மணி வேறு, இங்கே "வாயை மூடு" என்பதற்குப் பதிலாக வருகிற அம்மணி வேறு. வித்தியாசம் எனக்குத் தெரியும்.

அப்புறம், வெறுப்பே இல்லை என்றீர்களே. அந்தப் பெண் மண்டபத்துக்குள் வந்ததும் என்ன செய்தார் என்று நீங்கள் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் கைப்பிடியையும் லேசாக அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார். காலில் விரிசல் இல்லாத ஒன்றை எடுத்து, அதன் மேலேயே இன்னொன்றைச் செருகினார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தார், மீதிப் பாரம் முழுக்கக் காலில். நாதஸ்வரம் முடிகிற வரைக்கும் அப்படியேதான். இது அவராக ஒரு நாளில் கற்றுக்கொண்ட வித்தை இல்லை. எங்கேயோ ஒரு நாற்காலி உடைந்திருக்கிறது, ஒரு கூட்டம் சிரித்திருக்கிறது.

ஷேர் ஆட்டோவில் என் முன்னாலேயே ஒருவரிடம் "ரெண்டு டிக்கெட் குடுங்க அக்கா" என்றதையும் கேட்டிருக்கிறேன். இதெல்லாம் எந்த ஒப்பிட்டுக் கணக்கில் வருகிறது?

மஞ்சமண்டி, 10.26

நாற்காலி உடைவது நாற்காலி செய்தவன் குற்றம், அதை என் தலையில் கட்டாதீர்கள். ஆட்டோக்காரர் இடத்துக்குக் காசு கேட்டார், அது வியாபாரம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒன்றா, மூன்றா? அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

நொய்யல்காரி, 10.27

முதல் பதிவிலேயே சொன்னேன். ஒன்று.

மஞ்சமண்டி, 10.28

மூன்று.

அப்பிச்சி தோட்டம் (தாராபுரம்), 10.45

எனக்கு எழுபது வயசாகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது லீவுக்கு அம்மிச்சி வீட்டுக்குப் போனால், வாசலிலேயே கன்னத்தைத் தடவி, "இளைச்சுப் போயிட்டியே கண்ணு" என்பார்கள். நான் இளைத்திருக்க மாட்டேன். அது பாசத்தின் வாய்ப்பாடு. பெண் பார்த்துவிட்டு வந்தவர்களும் "பூசினாப்புல லட்சணமா இருக்குது" என்பார்கள். ஊரில் தொந்தி வைத்தவர் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் நாலு நாலு கிணறு. வண்டியை விட்டு இறங்கினால் மற்றவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் விடியக்காலம் மாடு கட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, மத்தியானம் கம்மஞ்சோறும் மோரும் குடித்துவிட்டு மறுபடியும் வயலில் நின்றோம். உடம்பு எங்கே வரும்?

இப்போது மோட்டார் போட செல்போனில் அழுத்தினால் போதும். சதை எல்லோருக்கும் வந்துவிட்டது. எல்லோருக்கும் வந்ததும் அதன் மரியாதை போய்விட்டது. அன்றைக்குச் சாப்பாடு கிடைத்தவனுக்குத் தொந்தி. இன்றைக்கு நடக்க மைதானமும், நேரமும், பழம் வாங்கக் காசும் இருக்கிறவன்தான் ஒல்லி. எந்தக் காலத்திலும் கைக்கு எட்டாததுதான் அழகு. எனக்குப் பட்டது இது.

மஞ்சமண்டி, 10.51

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் "மைதானம் இருக்கிறவன்" என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. மைதானம் எனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. காலை ஐந்து மணி எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது.

பவர்லூம் பங்காளி, 10.58

காலை ஐந்து மணிக்கு என் தறியில் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் நிற்கிறார்கள் அண்ணா. ஏழு மணிக்கு விட்டால், டீயும் பன்னும் தின்றுவிட்டுப் படுப்பார்கள், மத்தியானம் எழுந்திருப்பார்கள். தூக்கம் கெட்டால் பசியும் கெடும், உடம்பும் போடும் என்பது ஊரறிந்த விஷயம். அவர்களை ஐந்து மணி நடைக்கு அனுப்பிவிட்டுத் தறியை நீங்கள் ஓட்டுகிறீர்களா?

தவிர, உங்கள் புத்திமதியை ஒரு தடவை கேட்டுப் பட்டவன் நான். 2021 இழையில் நீங்கள் வாங்கச் சொன்ன டிரெட்மில்லில் இப்போது என் வீட்டில் துண்டு காயப்போடுகிறார்கள்.

மஞ்சமண்டி, 11.02

டிரெட்மில்லில் ஏறி நடக்க வேண்டும் என்றும் நான்தான் எழுதியிருக்க வேண்டுமா? அந்த இழையில் நான் சொன்ன மாடல் வேறு, மலிவாகக் கிடைக்கிறது என்று நீங்கள் வாங்கியது வேறு. ஆதாரம் இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

பவர்லூம் பங்காளி, 11.06

படித்தேன். நீங்கள் சொன்ன மாடலேதான்.

மட்டுறுத்துநர், 11.10

டிரெட்மில் பேச்சை அதன் இழையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "குண்டோதரி" என்று ஒரு விருந்தினரைக் குறிப்பிட்ட பதிவு நீக்கப்பட்டது. எழுதியவருக்கு இது முதல் எச்சரிக்கை.

மஞ்சமண்டி, 11.14

எழுதியவன் நான்தான், ஒளிய மாட்டேன். குண்டோதரன் புராணப் பாத்திரம். புராணத்தைச் சொன்னால் நீக்குவதா? மற்றவர்கள் என்னைத் தராசுக்கண்ணன் என்று கிண்டலடித்தபோது ஏன் நீக்கவில்லை?

அப்பிச்சி தோட்டம், 11.25

தம்பி, புராணத்தையே தப்பாகச் சொல்கிறீர்களே. மீனாட்சி கல்யாணத்தில் சோறு மலையாக மிஞ்சிக் கிடக்கிறது என்று பெண் வீட்டார் பெருமை பேசினார்கள். அதற்காக சிவன் தன் பூதகணத்தில் ஒருவனைக் காட்டி, இவனுக்கு முதலில் போடுங்கள் என்றார். அத்தனையும் தீர்ந்தது, பசி தீரவில்லை. பிறகு தாகம் எடுத்ததும் வைகையே வந்தது. கதையில் தலை குனிந்தது சோற்றை எண்ணிப் பார்த்தவர்கள். சாப்பிட்டவன் இல்லை.

பொள்ளாச்சி இளநீர், 11.30

அப்பிச்சி அடித்தது சிக்சர். எண்ணியவர்தான் தலை குனிந்தாராம்!

புராணத்தை விட சினிமாதான் நமக்கு வாத்தியார். குண்டு கல்யாணம் என்று ஒரு நடிகருக்குப் பேரிலேயே உடம்பை ஒட்டி வைத்தோம். அவர் நடந்து வந்தாலே சிரிப்பு, வசனம் தேவையில்லை. குண்டானவர் காதலித்தால் காமெடி, ஓடினால் காமெடி, சாப்பிட்டால் பெரிய காமெடி. சின்ன வயதிலிருந்து அப்படிப் பார்த்து வளர்ந்தவன் பந்தியில் எதிரே உட்கார்ந்தால் எண்ணத்தான் செய்வான்.

மஞ்சமண்டி, 11.36

ஓமக்குச்சி நரசிம்மன் என்று ஒருவர் இருந்தாரே, அவர் என்ன குண்டா? ஒல்லியையும் வைத்துத்தான் சிரித்தோம். ஒல்லிக்கு யாராவது இழை திறந்து அழுதார்களா? சிரிப்பு எல்லோருக்கும் பொது.

நொய்யல்காரி, 11.50

ஓமக்குச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள், சரி. ஆனால் "சோம்பேறி, ஒழுக்கம் இல்லாதவன், வேலைக்கு ஆகமாட்டான்" என்று ஒல்லியாக இருப்பவரை யாராவது சொன்னார்களா? என் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு நேர்காணல் நடந்தபோது பக்கத்தில் நான் இருந்தேன். ஒரு பெண் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். அவர் வெளியே போனதும் முதல் வாக்கியம், "சுறுசுறுப்பா இருக்குமா இது?" 'இது' என்றார்கள்.

சிரிப்பு பொது என்பதற்கும் பதில் இருக்கிறது. 1961-ல் அமெரிக்காவில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்தார்கள். குறை ஒன்றும் இல்லாத குழந்தை, ஊன்றுகோல் வைத்த குழந்தை, சக்கர நாற்காலிக் குழந்தை, ஒரு கை இல்லாத குழந்தை, முகத்தில் கோணல் உள்ள குழந்தை, குண்டான குழந்தை. யாரைப் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். கடைசி இடம் குண்டான குழந்தைக்கு. அதே படங்களை வைத்து மறுபடியும் செய்து 2003-ல் எழுதினார்கள். அந்த நாற்பது வருடத்தில் அந்தக் குழந்தையின் மேல் இருந்த வெறுப்பு இன்னும் கூடியிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மஞ்சமண்டி, 11.54

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டு என்றால் என்னவென்று தெரியுமா? பெருந்துறையில் நடந்ததற்கு அமெரிக்காவிலிருந்து சாட்சி கூப்பிடுகிறீர்கள். சாட்சியே தேவையில்லை, நான் நேரில் பார்த்தேன்.

கொடிவேரி, திங்கள் காலை 6.40

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பி.எம்.ஐ. 25-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள், தமிழ்நாட்டில் 2015-16-ல் பெண்களில் 30.9 சதவீதம். 2019-21-ல் 40.4. ஆண்களில் 28.2 இருந்தது 37 ஆனது. இந்தியா முழுவதும் பார்த்தால் பெண்களில் 24 சதவீதம்தான். "குண்டு" என்று யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல் பேசினால் பந்தியில் ஐந்தில் இரண்டு பேரைப் பேசுகிறோம். அதனால்தான் கேட்டேன், உயரம் என்ன?

பவர்லூம் பங்காளி, 7.15

நாலைந்து வருடத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி தீர்ந்துவிட்டதா? ரேஷனில் நிறுத்திவிட்டார்களா?

1986-ல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஸ்டங்கார்ட் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். பெரியவர்களான பிறகு அவர்கள் உடம்பு, பெற்றவர்கள் உடம்போடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் உடம்பு பெற்றவளைத்தான் கேட்கிறது.

மஞ்சமண்டி, 7.22

ஆமாம், தீர்ந்துவிட்டது. செல்போன் வந்தது, வீட்டு வாசலுக்கே பிரியாணி வந்தது, உறுதி போனது. உங்கள் பக்கம் ஒருவர் பரம்பரை என்கிறீர்கள், இன்னொருவர் நாலு வருடத்தில் பத்து சதவீதம் ஏறியது என்கிறீர்கள். பரம்பரை நாலு வருடத்தில் மாறுமா? முதலில் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

தைராய்டு கதையையும் பார்ப்போம். என் அக்கா மகன் டாக்டருக்குப் படித்தவன். தைராய்டு குறைந்தால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும் என்கிறான். முப்பது கிலோவுக்குத் தைராய்டைச் சொல்லக்கூடாது.

கொடிவேரி, 7.30

தைராய்டு விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. ஸ்டீராய்டு, சில மனநோய் மாத்திரைகள், இன்சுலின் இவற்றால் இன்னும் அதிகம் ஏறலாம்.

பரம்பரைக் கேள்விக்கு: மரபணு மாறவில்லை, சாப்பாடும் வேலையும் மாறின. ஒரே மழையில் ஒரு நிலம் சேறாகிறது, ஒரு நிலம் உறிஞ்சிக்கொள்கிறது.

மஞ்சமண்டி, 7.33

"அண்ணன் சொல்வது சரி." எல்லோரும் இந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்காரி, 8.05

குறித்து வையுங்கள். ஆனால் கை கழுவும் இடத்தில் உங்கள் காதில் விழுந்தது பதில் மட்டும்தான், கேள்வி இல்லை. நான் அங்கேதான் குழாய்க்கு நின்றிருந்தேன். ஒரு பெரியம்மா, அந்தப் பெண் யார் என்று கூடத் தெரியாதவர், அந்தப் பெண்ணின் மேல்கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன சாமி, இந்த வயசுல இப்படிப் போட்டுட்டே?" என்றார். நாலு பேர் நிற்கிறார்கள். கையெல்லாம் சாம்பார். அந்த நேரத்தில் ஒரு மனுசி என்ன சொல்வாள்? "எங்க அம்மாவும் இப்படித்தான், பாட்டியும் இப்படித்தான், டென்மார்க்கில் 540 பேர்..." என்றா? தைராய்டு என்றால் எல்லோரும் வாயை மூடுவார்கள். அது ஒரு அனுமதிச் சீட்டு. நோய் என்று சொன்னால்தான் மன்னிப்பு.

வைனர் சொன்னதும் இதுதான்.

பவர்லூம் பங்காளி, 8.20

நோய் என்று டாக்டரிடமே சொல்ல முடிவதில்லை. என் சம்சாரம் காதில் சீழ் வடிகிறது என்று ஒரு டாக்டரிடம் போனாள். காதைப் பார்க்கும் முன்னாலேயே, "முதல்ல வெயிட்டக் குறைம்மா" என்றார். காதுக்கும் எடைக்கும் என்ன? அப்புறம் ஒரு வருடம் எந்த வலிக்கும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள்.

கொடிவேரி, 8.41

நொய்யல்காரி அக்கா கோபிக்க வேண்டாம், ஒன்று சொல்கிறேன். "காரணம் பரம்பரை" என்று விளக்கிச் சொன்னால் வெறுப்பு குறையும் என்பதும் அவ்வளவு எளிதில்லை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், அதிகம் சாப்பிட்டதால் வந்தது என்று படிக்கக் கொடுத்தவர்களுக்கு வெறுப்பு ஏறியது. மரபணுவால் வந்தது என்று படிக்கக் கொடுத்தவர்களுக்கு இறங்கவில்லை. ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம்.

நொய்யல்காரி, 8.50

நான் எங்கே எளிது என்றேன்? நீங்கள் யார் பக்கம்? 1996-ல் கிராண்டல் என்பவர் அமெரிக்க மாணவர்களையும் மெக்சிகோ மாணவர்களையும் ஒப்பிட்டபோது மெக்சிகோவில் வெறுப்பு குறைவாக இருந்தது. அமெரிக்காவில் "எல்லாம் அவரவர் கையில்" என்கிற எண்ணத்தோடு வெறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. ஊருக்கு ஊர் மாறுகிறது என்றால் அது பிறவிக் குணம் இல்லை. "உழைச்சா முன்னேறலாம், முன்னேறலைன்னா நீ உழைக்கலை" என்று நம் ஊரில் ஒரு வேதம் உண்டு. பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் அது சரியாக இருக்கலாம். அதே தராசை உடம்புக்கும் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

மஞ்சமண்டி, 8.56

உழைப்பைச் சொன்னதும் கோபம் வருகிறது பாருங்கள். இந்தக் கொங்கு நாட்டை உழைப்புதான் உருவாக்கியது. வானம் பார்த்த பூமி. மெக்சிகோக்காரன் வந்தா கிணறு வெட்டினான்?

கொள்ளுப் பயிரை நம்பி வாழ்ந்தவர்கள் நாம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்.

பொள்ளாச்சி இளநீர், 9.01

குதிரைக்குக் கொள்ளு வைப்பது கொழுக்கவா, இளைக்கவா என்று யாராவது சொல்லுங்களேன்.

மஞ்சமண்டி, 9.03

குதிரை ஓடுகிறது. நீங்கள் ஓடுகிறீர்களா?

இலைபோட்டவன் (காங்கேயம்), 11.15

வணக்கமுங்க. புதுசாகச் சேர்ந்திருக்கிறேன். அந்தப் பந்தியில் இனிப்பு வரிசை என்னுடையது.

ஒப்பிட்டை நாங்கள் விரித்து வைக்கமாட்டோம், இலையில் இடம் அடைக்கும். இரண்டாக மடித்து வைப்போம். நெய் ஊற்றும்போது சிலர் பிரித்து விடுவார்கள், சிலர் நடுவில் பிய்த்துவிடுவார்கள். எதிர் வரிசையிலிருந்து பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரியலாம். அந்த அம்மா இலைக்கு எத்தனை வைத்தேன் என்று ஞாபகம் இல்லைங்க, நானூறு இலை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. வரிசையில் யாரிடமும் கேட்காமல் வைத்துக்கொண்டே வந்தேன். அவர் இலைக்கு வந்ததும் "வைக்கட்டுங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தலையை ஆட்டினார். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று எனக்குப் புரியவில்லை, வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பூரணம் பாதித் தேங்காய், பாதிப் பருப்புங்க அக்கா.

சந்தகை அக்கா, 11.20

பாதிப் பாதி என்றால் அதற்கு என்ன பெயர்?

மஞ்சமண்டி, 11.24

பார்த்தீர்களா, வைத்தவரே வந்துவிட்டார். மடித்தால் ஒன்று இரண்டாகத் தெரியும் என்கிறார். இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில்தானே தெரிய வேண்டும்? நான் பார்த்தது மூன்று. மடித்த கணக்கில் ஒற்றைப்படை எப்படி வரும்? ஆக, மூன்றும் முழுசு.

பவர்லூம் பங்காளி, 11.31

அப்படிப் பார்த்தால் ஒன்றரை.

நொய்யல்காரி, 11.33

நானூறு இலையில் ஒரே ஒரு இலைக்கு முன்னால் நின்று கேட்டேன் என்கிறார். அது உங்கள் கண்ணில் படவே இல்லையா? மடிப்புதான் பட்டதா?

மஞ்சமண்டி, 11.36

கேட்டு வைப்பது பந்தி மரியாதை.

கொடிவேரி, மதியம் 1.10

அண்ணா, 2021 டிரெட்மில் இழையில் உங்கள் உயரத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தடி ஐந்து அங்குலம். 71 கிலோவுக்குப் பி.எம்.ஐ. 26. நான் முதலில் சொன்ன இந்தியக் கணக்குப்படி நீங்கள் இன்னும் உடற்பருமன் பட்டியலில்தான் இருக்கிறீர்கள்.

மஞ்சமண்டி, 1.14

எனக்கு எலும்பு கனம். எங்கள் அப்பாருக்கும் அப்படித்தான்.

பொள்ளாச்சி இளநீர், 1.15

பரம்பரை என்கிறீர்களா?

மஞ்சமண்டி, 1.40

எலும்பு வேறு, சதை வேறு. இருபத்தைந்து கிலோ குறைத்தவனிடம் கணக்குச் சொல்ல வந்துவிட்டார்கள். பேச்சை மாற்ற வேண்டாம். வீடியோ எடுத்த தம்பியிடம் பேசிவிட்டேன், பந்தி முழுக்க எடுத்திருக்கிறான். புதன்கிழமை பென்டிரைவ் தருகிறான். வந்ததும் நிமிடம், நொடியோடு போடுகிறேன்.

நொய்யல்காரி, 1.52

ஒரு பெண் சாப்பிடுவதை நொடிக் கணக்கில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் புதன் வரைக்கும் காத்திருக்கப் போகிறீர்கள். கூடவே உங்கள் இலையையும் பாருங்கள். எதிர் வரிசையிலிருந்து நானும் பார்த்தேன். நான் எண்ணவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மஞ்சமண்டி, 1.55

என் இலையில் இரண்டு. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மறுநாள் நாலு சுற்று கூட நடந்தேன்.

மட்டுறுத்துநர், 2.05

பிறர் அனுமதியில்லாமல் கல்யாண வீடியோ எதையும் இங்கே போட முடியாது.

மஞ்சமண்டி, 2.07

போட வேண்டாம். நான் பார்த்துவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறேன்.

சந்தகை அக்கா, 2.30

இலைபோட்ட தம்பி, ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பூரணம் முழுக்கப் பருப்பாகவே போடச் சொல்லுங்கள், இந்தப் பாதிப் பாதி வேண்டாம்.